பந்தை எறியத் தயங்கிய கான்ஃபரன்ஸ்கள் எப்படி மாறின?

2011 நவம்பர் 5 அன்று அலபாமாவும் எல்.எஸ்.யு. என்று அழைக்கப்படும் லூசியானா ஸ்டேட்டும் மோதின. பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தரவரிசையில் அப்போது முதல் இரண்டு இடங்களில் இருந்தவை இந்த அணிகள்தான். கூடுதல் நேரம் வரை நீண்ட அந்த ஆட்டத்தில் எல்.எஸ்.யு. 9-6 என்று வென்றது. எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடக்கும் டச் டவுன் இரு தரப்பிலும் ஒன்றுகூட இல்லை. பதினைந்து புள்ளிகளும் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் பெற்றவை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2019 நவம்பர் 9 அன்று, அதே மைதானத்தில் அதே அணிகள் மீண்டும் சந்தித்தன. அலபாமாவின் பயிற்சியாளர்கூட அதே நிக் சேபன்தான். இம்முறை எல்.எஸ்.யு. 46-41 என்று வென்றது. அதன் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், ஜோ பரோ எறிந்த பாஸ்கள் 393 கெஜம் ஈட்டின. தோற்ற அலபாமாவின் துவா டாகோவைலோவா 418 கெஜம் எறிந்தார்.

விதிகள் தலைகீழாக மாறவில்லை. ஆட்டக்காரர்களின் உடல்வாகும் எட்டே ஆண்டுகளில் மாறிவிடாது. ஆனால் அமெரிக்கத் தென்மாநிலங்களின் எஸ்.இ.சி. என்ற கான்ஃபரன்ஸ், அதாவது பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு, நாட்டின் பிற பகுதிகளில் வெகுநாள் ஆடப்பட்டுவந்த ஒரு பாணியிடம் கடைசியில் இணங்கிவிட்டது. அந்தப் பாணி எங்கிருந்து புறப்பட்டது, ஏன் இத்தனை தாமதமாக அங்கே வந்து சேர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

பத்துக் கெஜக் கணக்கு

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் பத்துக் கெஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். முன்னேற இரண்டு வழிகள் உள்ளன. பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஆட்களின் நெரிசலுக்குள் ஓடுவது ஒன்று. குவார்ட்டர்பேக் பந்தை முன்னால் எறிந்து, ரிசீவர் அதைப் பிடிப்பது மற்றொன்று. முதலாவது ஓட்ட ஆட்டம், இரண்டாவது பாஸ் ஆட்டம்.

ஓட்டத்தில் இழப்பு குறைவு, வரவும் குறைவு. பாஸில் வரவு அதிகம். ஆனால் பந்து தரையில் விழுந்தால் ஒரு முயற்சி வீண், எதிரணி பிடித்துக்கொண்டால் பந்தே போய்விடும். ‘பாஸ் எறிந்தால் மூன்று விஷயங்கள் நடக்கலாம், அவற்றில் இரண்டு கெட்டவை’ என்று டெக்சஸ் பயிற்சியாளர் டேரல் ராயல் சொன்னதாகக் கூறுவார்கள். ஒரு தலைமுறையே இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. எத்தனை பாஸ்களுக்கு எத்தனை கெட்டவை என்ற கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

அடுத்தது கான்ஃபரன்ஸ். உயர்மட்டப் பிரிவில் ஆடும் 130-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் பல கூட்டமைப்புகளாகப் பிரிந்துள்ளன. ஓர் அணி பருவத்துக்கு வழக்கமாக 12 ஆட்டங்கள் ஆடும். அவற்றில் எட்டோ ஒன்பதோ தன் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே. எனவே, பயிற்சியாளர் தன் தடுப்பு அணியை நாட்டில் உள்ள எல்லோருக்கும் எதிராகக் கட்டுவதில்லை. ஆண்டுதோறும் சந்திக்கும் அந்த எட்டுப் பேருக்கு எதிராகக் கட்டுகிறார். எட்டுப் பேரும் ஓடினால், ஓட்டத்தை நிறுத்தும் கனத்த உடல்களைச் சேர்ப்பார். அவர்களில் ஒருவர் திடீரென்று எறியத் தொடங்கினால் அந்தக் கனமே சுமையாகிவிடும். ஒரு பாணி கான்ஃபரன்ஸுக்குள் நுழைவது கடினம், நுழைந்துவிட்டால் பரவுவது எளிது என்பதற்குக் காரணம் இதுதான்.

சட்டம் அனுமதித்தும் தயங்கிய காலம்

முன்னோக்கிய பாஸ் 1906-இலேயே விதிப்படி அனுமதிக்கப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மைதானத்தில் நேர்ந்த மரணங்கள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிடும் அளவுக்குக் கவலை தந்தன. நெரிசலைக் குறைக்க வந்த மாற்றங்களில் பாஸும் ஒன்று. ஆனால், யார் கையும் படாமல் தரையில் விழுந்த பாஸுக்குத் தண்டனையாகப் பந்து எதிரணிக்குப் போனது. அப்படிப்பட்ட சூதாட்டத்தை யார் விரும்புவார்கள்? 1912-க்குள் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1913-இல் நோட்டர் டேம் ராணுவக் கழகத்தை 35-13 என்று எறிந்தே வீழ்த்தியபோது நாடு கவனித்தது. 1930-களில் டெக்சஸ் மாநிலத்தின் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் எறிவதற்குப் பெயர் பெற்றிருந்தது.

பிறகு ஊசல் திரும்பியது. 1968-இல் அதே சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸின் டெக்சஸ் பல்கலைக்கழகம் விஷ்போன் என்ற ஓட்ட அமைப்பை எடுத்துக்கொண்டது. மூன்று ஓட்டக்காரர்கள், எந்தக் கையில் பந்து போகும் என்று கடைசி நொடி வரை தெரியாது. ஓக்லஹோமாவும் அலபாமாவும் அதைப் பின்பற்றின. மத்திய மேற்கின் பிக் டென் கான்ஃபரன்ஸில் ஒஹாயோ ஸ்டேட்டின் வுடி ஹேஸ் ‘மூன்று கெஜமும் ஒரு புழுதி மேகமும்’ என்று பெயரெடுத்த ஆட்டத்தை ஆடினார். வலிமையான ஆட்களைச் சேர்க்க முடிந்த அணிகளுக்கு இது போதுமானதாக இருந்தது. வெல்கிறவர் எதற்காக மாற வேண்டும்?

எளிய அணியின் கணக்கு: பிரிகம் யங்

மாற்றம் எளிய அணிகளிடமிருந்துதான் வர வேண்டியிருந்தது. 1972-இல் யூட்டா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கு லவெல் எட்வர்ட்ஸ் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அதுவரை அந்த அணி வென்றிருந்த கான்ஃபரன்ஸ் பட்டம் ஒன்றே ஒன்று. வெஸ்டர்ன் அத்லெட்டிக் என்ற அதன் கான்ஃபரன்ஸுக்கும் தேசிய மதிப்பு அதிகம் இல்லை. எட்வர்ட்ஸ் தடுப்பாட்டப் பயிற்சியாளராக வளர்ந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். தடுப்பவருக்கு எது தொல்லை தரும் என்று அவருக்குத் தெரியும். வழக்கமான ஓட்டத்தில் பெரிய அணிகளின் உடல் வலிமைக்கு ஈடுகொடுக்க முடியாது. ஆனால் எறியும் அணியைச் சந்திக்கப் பழகியவர்கள் மிகக் குறைவு. எனவே எறிந்துவிடுவோம் என்று முடிவு செய்தார்.

விளைவு, 1976 முதல் 1985 வரை தொடர்ந்து பத்து கான்ஃபரன்ஸ் பட்டங்கள். 1983-இல் ஸ்டீவ் யங் தன் பாஸ்களில் 71 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பித்தார். 1984-இல் 13 ஆட்டங்களையும் வென்று பிரிகம் யங் தேசியச் சாம்பியன் ஆனது. எட்வர்ட்ஸின் பாஸ்கள் தொலைதூர வீச்சுகள் அல்ல. ஐந்து, எட்டு கெஜத்தில், ரிசீவர் நிற்கப்போகும் இடத்துக்கு, அவர் திரும்புவதற்கு முன்பே பந்து போகும். ஓட்டம் தரும் நான்கு கெஜத்தை எறிந்தே பெற்றுக்கொள்ளும் முறை இது. ராயல் சொன்ன இரண்டு கெட்டவையும் இதில் அரிதாகிவிடுகின்றன.

இதற்கு இணையாக வேறு ஊற்றுகளும் இருந்தன: போர்ட்லண்ட் ஸ்டேட்டிலிருந்து மவுஸ் டேவிஸ் பரப்பிய ‘ரன் அண்ட் ஷூட்’, வாஷிங்டன் ஸ்டேட், மயாமி ஆகிய அணிகளுக்கு டென்னிஸ் எரிக்சன் கொண்டுபோன ஒற்றை ஓட்டக்காரர் அமைப்பு. எறிவதைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று ஒருவரைக் காட்ட முயலும் எழுத்துகளை நம்ப வேண்டாம். ஆனால் இந்தக் கட்டுரையின் கதைக்கு முக்கியமான கிளை யூட்டாவிலிருந்தே பிரிகிறது.

பரவிய வழிகள்

1. அடி வாங்கியவர் கற்றுக்கொள்வது. 1980-களின் முற்பகுதியில் ஹால் மம்மி டெக்சஸ்-எல் பாசோ பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளர். பிரிகம் யங்கின் அதே கான்ஃபரன்ஸ்; பெரும்பாலும் அவர்களிடம் தோற்க வேண்டிய நிலை. எதிரியின் ஆட்டத்தை ஊன்றிப் பார்த்தவர், பின்னர் ஒரு பள்ளிக்குப் பயிற்சியாளராகப் போனபோது அதையே எடுத்துக்கொண்டார். 1989-இல் அயோவா வெஸ்லியன் என்ற சிறு கல்லூரி அவரை அழைத்தது. முந்தைய பருவத்தில் ஒரு வெற்றிகூட இல்லாத அணி அது. அங்கே அவர் சேர்த்துக்கொண்ட உதவியாளர் மைக் லீச்: சட்டம் படித்தவர், கல்லூரி அளவில் ஆடியதே இல்லாதவர், ஆனால் பிரிகம் யங்கில் மாணவராக இருந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தவர். இருவரும் சேர்ந்து செதுக்கியதுதான் ‘ஏர் ரெய்ட்’. அது பிறந்த அயோவா வெஸ்லியன் பல்கலைக்கழகம் 2023-இல் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது.

2. எளிதாகக் கற்பிக்க முடிவது. நூற்றுக்கணக்கான ஆட்டத் திட்டங்களை மனப்பாடம் செய்யும் தொழிலில் ஏர் ரெய்ட் மிகச் சிலவற்றையே வைத்துக்கொண்டது. நான்கு ரிசீவர்களை மைதானத்தின் அகலம் முழுக்க நிறுத்துவது. இரண்டு ரிசீவர்கள் ஒருவரையொருவர் உரசுமளவு குறுக்கே ஓடும் ‘மெஷ்’. நால்வரும் நேராக மேலே பாயும் ஓட்டம். இவற்றையே நாள்தோறும், கை தானாக வேலை செய்யும் வரை, திரும்பத் திரும்பச் செய்வது. எறிபவரைக் காக்க முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்களுக்கிடையே வழக்கத்தைவிட அதிக இடைவெளி விட்டதால், எறிபவரைத் தாக்க வருபவர் கூடுதல் தூரம் சுற்றி வர வேண்டியிருந்தது. கனத்த திட்டப் புத்தகம் இல்லாத பாணி, ஓர் உதவிப் பயிற்சியாளரின் தலைக்குள்ளேயே வேறு ஊருக்குப் போய்விடும். ஏர் ரெய்ட் மற்ற பாஸ் முறைகளைவிட வேகமாகப் பரவியதற்கு, என் மதிப்பீட்டில், இதுவே முதற்காரணம்.

3. தோற்கடிக்கப்பட்டவர் வேலைக்கு அழைப்பது. 1997-இல் மம்மி எஸ்.இ.சி.யின் கென்டக்கிக்கு வந்தார். அந்த ஆண்டே கென்டக்கி அலபாமாவை 40-34 என்று வீழ்த்தியது. 1922-க்குப் பிறகு அதற்குக் கிடைத்த முதல் வெற்றி. அப்போது புளோரிடாவின் தடுப்பாட்டத்தைக் கவனித்துவந்தவர் பாப் ஸ்டூப்ஸ். கென்டக்கிக்கு எதிராகத் தயாராவதன் தலைவலி அவருக்குத் தெரியும். 1999 பருவத்துக்கு ஓக்லஹோமாவின் தலைமைப் பொறுப்பை ஏற்றதும் அவர் லீச்சைத் தாக்குதல் ஆட்டத்துக்கு நியமித்தார். விஷ்போனின் கோயிலாக இருந்த ஓக்லஹோமா, லீச் தேர்ந்தெடுத்த குவார்ட்டர்பேக் ஜாஷ் ஹைப்பலைக் கொண்டு 2000-இல் தேசியச் சாம்பியன் ஆனது. லீச் அதற்குள் டெக்சஸ் டெக்கின் தலைமைப் பயிற்சியாளராகிவிட்டிருந்தார்.

4. பள்ளி மைதானங்கள். டெக்சஸ் பள்ளிகளில் கோடைக்காலத்தில் ஏழுக்கு ஏழு என்று ஆடும் ஆட்டம் வேரூன்றியது. லைன்மேன்கள் இல்லை, மோதல் இல்லை. எறிவதும் பிடிப்பதும் மட்டுமே. பதினைந்து வயதுப் பையன் ஆயிரக்கணக்கான பாஸ்களை எறிந்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருகிறான். அவனிடம் போய் விஷ்போன் ஆடச் சொன்னால் வேறு பல்கலைக்கழகத்தைத் தேடிக்கொள்வான்.

5. உதவித்தொகை வரம்பு. ஓர் அணி கால்பந்துக்காகத் தரக்கூடிய உதவித்தொகைகள் 1973-இல் 105, 1978-இல் 95, 1990-களின் நடுவில் 85 என்று குறைந்தன. பெரிய அணிகள் நல்ல ஆட்களைக் குவித்துப் பூட்டிவைக்க முடியாமல் போனது. மிஞ்சியவர்கள் சிறிய அணிகளுக்கு வந்தார்கள். அவர்களில் வேகமான, எடை குறைந்த ரிசீவர்கள் ஏராளம்.

பிக் 12: ஒரு கான்ஃபரன்ஸ் முழுதாக மாறியபோது

பழைய பிக் எய்ட் கான்ஃபரன்ஸும் சவுத்வெஸ்ட்டின் நான்கு டெக்சஸ் அணிகளும் இணைந்து 1996-இல் பிக் 12 ஆடத் தொடங்கியது. நெப்ராஸ்காவின் ஓட்ட ஆட்டம் அப்போது நாட்டிலேயே அஞ்சப்பட்ட ஆயுதம். பத்து ஆண்டுகளில் அந்த அடையாளம் காணாமல் போனது.

லீச் 2000 முதல் 2009 வரை டெக்சஸ் டெக்கில் இருந்தார். அந்தப் பல்கலைக்கழகம் உள்ள லபக் நகரம் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், பெரிய நகரங்களிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. மாநிலத்தின் மிகச் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்கள் டெக்சஸுக்கோ ஓக்லஹோமாவுக்கோதான் போவார்கள். எட்வர்ட்ஸ் சந்தித்த அதே நிலைமை. 2003-இல் லீச்சின் குவார்ட்டர்பேக் பி.ஜே. சைமன்ஸ் ஒரே பருவத்தில் 5,833 கெஜம் எறிந்தார். 2008 நவம்பர் 1 அன்று, ஆட்டம் முடிய ஒரு நொடி இருக்கையில் மைக்கேல் கிராப்ட்ரீ பிடித்த பந்து, தரவரிசையில் முதலிடத்தில் இருந்த டெக்சஸை 39-33 என்று சாய்த்தது.

வெற்றிகளைவிட ஆட்கள் முக்கியம். லீச்சிடம் வேலை பார்த்தோ ஆடியோ வந்தவர்கள் சானி டைக்ஸ், டேனா ஹோல்கர்சன், ஆர்ட் பிரைல்ஸ், லிங்கன் ரைலி, கிளிஃப் கிங்ஸ்பரி. பிரைல்ஸ் பேய்லருக்கும், ஹோல்கர்சன் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கும், ரைலி ஓக்லஹோமாவுக்கும், கிங்ஸ்பரி டெக்சஸ் டெக்குக்கும் தலைமைப் பயிற்சியாளர்கள் ஆனார்கள். கான்ஃபரன்ஸில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றவர்கள் ஒரே பள்ளியின் மாணவர்களாக இருந்த காலம் அது. 2016 அக்டோபர் 22 அன்று ஓக்லஹோமா டெக்சஸ் டெக்கை 66-59 என்று வென்ற ஆட்டத்தில், தோற்ற அணியின் பேட்ரிக் மஹோம்ஸ் 734 கெஜம் எறிந்தார். வென்ற பேக்கர் மேஃபீல்ட் 545. தடுப்பாட்டம் என்ற சொல்லை அன்று யாரும் உச்சரித்திருக்க மாட்டார்கள்.

பிக் டென்: பரப்பி நிறுத்தி ஓடுவது

பிக் டென்னில் கதை சற்று விலகிப் போகிறது. 1997-இல் ஜோ டில்லர் வெஸ்டர்ன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸின் வயோமிங்கிலிருந்து பர்டூவுக்கு வந்து, ட்ரூ ப்ரீஸைக் கொண்டு அணியை 2001 ஜனவரியில் ரோஸ் பவுல் என்ற பருவ முடிவின் பெரிய ஆட்டம் வரை அழைத்துச்சென்றார். அதே 2000 பருவத்தில் நார்த்வெஸ்டர்ன் மிஷிகனை 54-51 என்று வென்றது. அதன் பயிற்சியாளர்கள் பருவத்துக்கு முன்பே கிளெம்சனுக்குச் சென்று ரிச் ராட்ரிகஸிடம் பாடம் கேட்டு வந்திருந்தார்கள்.

ராட்ரிகஸின் முறையைப் பாஸ் ஆட்டம் என்று எண்ணிவிடுவது பரவலான குழப்பம். ரிசீவர்களைப் பரப்பி நிறுத்துவது ஒன்று; அதிகம் எறிவது வேறொன்று. தடுப்பவர்களை ஓரங்களுக்கு இழுத்துவிட்டு, நடுவில் கிடைத்த இடைவெளியில் குவார்ட்டர்பேக்கே ஓடுவதும் பரப்பும் பாணியின் ஒரு கிளைதான். ஏர்பன் மையர் யூட்டாவிலும் புளோரிடாவிலும் பிறகு ஒஹாயோ ஸ்டேட்டிலும் வென்றது பெருமளவு இந்தக் கிளையில். குளிர்காலக் காற்றும் பனியும் உள்ள மாநிலங்களில் இந்தக் கிளை முந்தியதில் வியப்பில்லை.

கடைசிக் கோட்டை: எஸ்.இ.சி.

எஸ்.இ.சி. முன்பே எறிந்து பார்த்தது. ஸ்டீவ் ஸ்பரியர் 1990 முதல் 2001 வரை புளோரிடாவில் ஆறு கான்ஃபரன்ஸ் பட்டங்களும் 1996-இன் தேசியப் பட்டமும் எறிந்தே வென்றார். இருந்தும் அவருடைய ஆட்டம் கான்ஃபரன்ஸில் நிலைக்கவில்லை. ஸ்பரியரின் முறை அவருடைய கண்ணையும் நாவையும் நம்பியது. பிறருக்குப் பெயர்த்து நடும்படி இல்லை. அவரோடு அது போய்விட்டது. மம்மியின் கென்டக்கியோ, வீரர்களைச் சேர்ப்பதில் நடந்த விதிமீறல் விசாரணைக்கு நடுவே 2001-இல் சிதறியது.

கதவை உடைத்தது கான்ஃபரன்ஸ்களின் இடமாற்றம். 2012-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பிக் 12-ஐ விட்டு எஸ்.இ.சி.யில் சேர்ந்தது. அதன் தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவர் லீச்சின் பழைய குவார்ட்டர்பேக் கிங்ஸ்பரி. முதல் பருவத்திலேயே ஜானி மன்செல் அலபாமாவை அதன் சொந்த மைதானத்தில் 29-24 என்று தோற்கடித்தார். அந்தப் பருவத்தில்தான் சேபன், ஆட்டங்களுக்கு நடுவே கூடிப் பேசாமல் வேகமாக ஆடும் அணிகளைக் குறிப்பிட்டு, கால்பந்து இப்படித்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டார். 2014-இல் அந்த வேகத்தைக் குறைக்கும் விதி ஒன்று முன்மொழியப்பட்டு, எதிர்ப்பால் கைவிடப்பட்டது.

விதிக்காகக் காத்திராமல் சேபன் செய்ததுதான் பாடம். 2014 பருவத்துக்கு லேன் கிஃபினைத் தாக்குதல் ஆட்டத்துக்கு நியமித்தார். தன் அணியையே வேகப்படுத்தினார். குறை சொன்னவர்களில் மிக வேகமாக மாறியவர் அவர்தான். 2020-இல் அவருடைய ரிசீவர் டிவான்டா ஸ்மித் நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டில் எல்.எஸ்.யு.வின் பரோ 60 டச் டவுன் பாஸ்கள் எறிந்து, 15 ஆட்டங்களையும் வென்று பட்டம் பெற்றிருந்தார். இந்த அணிகளின் பாணி தூய ஏர் ரெய்ட் அல்ல. மிகச் சிறந்த ஆட்களைச் சேர்க்கக்கூடிய அணிகள் எளியோரின் ஆயுதத்தை எடுத்து, கனத்த ஓட்டத்தையும் அதோடு சேர்த்துக்கொண்டன.

மைதானத்தில் என்ன மாறியது?

கல்லூரி விதிகளில் இரண்டு நுணுக்கங்கள் பாஸ் ஆட்டத்துக்குத் துணை நின்றன.

1. மைதானத்தில் பந்து வைக்கும் இரு கோடுகளுக்கிடையே கல்லூரி ஆட்டத்தில் 40 அடி இடைவெளி. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம்தான். ஒரு கோட்டில் பந்து இருந்தால் மறுபக்கம் பெரிய வெற்றிடம் கிடைக்கும்.

2. பாஸ் எறியும்போது லைன்மேன்கள் கல்லூரியில் மூன்று கெஜம் வரை முன்னேறலாம், என்.எஃப்.எல்.லில் ஒன்று மட்டுமே. இதனால் ‘ஆர்.பி.ஓ.’ என்ற உத்தி கல்லூரியில் செழித்தது. லைன்மேன்கள் ஓட்டத்துக்காகவே மோதுவார்கள். குவார்ட்டர்பேக் ஒரே ஒரு தடுப்பாளரைப் பார்ப்பார். அவர் ஓட்டத்தைத் தடுக்க முன்னே வந்தால், பந்து அவர் விட்டுவந்த இடத்துக்குப் பறக்கும். பின்வாங்கினால் ஓட்டக்காரரிடம் போகும். தடுப்பாளர் எதைச் செய்தாலும் தவறு.

தடுப்பு அணிகள் உடல்வாகை மாற்றின. நடுவில் நின்ற கனத்த லைன்பேக்கர்களுக்குப் பதில் ஐந்தாவது, ஆறாவது பின்களத் தடுப்பாளர்கள் வந்தார்கள். 2017-இல் அயோவா ஸ்டேட் மூன்று பேரை மட்டும் முன்னே நிறுத்தி, பின்னால் சேஃப்டி எனப்படும் கடைசி வரிசைத் தடுப்பாளர்கள் மூவரை வைத்து, ஓக்லஹோமாவை அதன் மைதானத்திலேயே 38-31 என்று வென்றது. பாஸ் பாணி பரவிய அதே தடத்தில் அந்தத் தடுப்பும் பரவியது.

தடுப்பு அணி இலகுவானால் ஓட்டத்துக்கு மீண்டும் விலை கூடும். 2023 நவம்பரில் பென் ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் மிஷிகன் கணக்கில் ஏறிய ஒரு பாஸ்கூட எறியவில்லை. 24-15 என்று வென்றது, பருவ முடிவில் தேசியப் பட்டத்தையும் பெற்றது. விஷ்போனின் வாரிசான ஓட்ட முறையைக் கைவிடாத ராணுவக் கழகம் 2024-இல் அமெரிக்கன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸில் சேர்ந்து, முதல் பருவத்திலேயே பட்டம் வென்றது. உயரம், எடை ஆகியவற்றில் எதிரிகளுக்கு ஈடாகாத ஆட்களைக் கொண்ட அணி அது. எதிரணிகள் ஆண்டு முழுக்கப் பாஸைத் தடுக்கப் பயில்கின்றன. இந்த ஓட்டத்துக்குத் தயாராக அவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வாரம்தான் கிடைக்கிறது.